மன்றங்களின் கதை – 9: அறுபது பேர் சம்மதித்தால்தான் வாக்கெடுப்பு

அமெரிக்க செனட் சபையில் நூறு உறுப்பினர்கள். ஒரு சாதாரண மசோதா நிறைவேற, வாக்களிப்போரில் பாதிக்கு மேல் ஆதரித்தால் போதும். ஆனால் அந்த மசோதாவின் மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் கை கொடுக்க வேண்டும். சட்டம் இயற்றுவதைவிட, சட்டத்தின் மீது வாக்கெடுக்கலாம் என்று முடிவு செய்வதற்கு அதிகம் பேர் தேவைப்படுகிறார்கள். பேசிப் பேசியே மசோதாவை முடக்கும் ‘ஃபிலிபஸ்டர்’ உத்திக்கு உயிர் கொடுப்பது இந்த இடைவெளிதான். இது குடியரசை நிறுவிய முன்னோர் சிறுபான்மையைக் காக்க எழுப்பிய அரண் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. இன்னொன்றையும் அவை காட்டுகின்றன. இப்படிப்பட்ட விதி நியாயமானதா என்பதை 60 என்ற எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. தாமதத்தின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பதே உண்மையான கேள்வி.

முதலில் முன்னோர் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். அரசியல் சாசனத்துக்கு முந்தைய கூட்டமைப்பில் முக்கிய முடிவுகளுக்கு 13 மாநிலங்களில் 9 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. அதனால் அரசு செயலிழந்ததை அவர்கள் கண்ணாரக் கண்டிருந்தார்கள். சிறுபான்மையின் கையில் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால் ஆட்சியே அதன் தயவில் நிற்கும் என்று ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளின் 22-ஆம் இதழில் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் வாதிட்டார். 1787-இல் எழுதப்பட்ட சாசனம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு எங்கெங்கே தேவை என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: உடன்படிக்கையை ஏற்க, அதிபரின் மறுப்பை மீற, பதவி நீக்கத் தண்டனை வழங்க, உறுப்பினரை வெளியேற்ற, சாசனத்தைத் திருத்த. சாதாரணச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. 1789-இல் செனட் வகுத்த முதல் விதிகளில், விவாதத்தை நிறுத்திக் கேள்வியை வாக்குக்கு விடக் கோரும் ஒரு தீர்மானமும் இருந்தது. விதிகளைச் சுருக்கிச் செம்மைப்படுத்துமாறு 1805-இல் துணை அதிபர் ஆரன் பர் விடைபெறும்போது ஆலோசனை கூறினார். அவ்வளவாகப் பயன்படாமல் கிடந்த அந்தத் தீர்மானம் 1806-இல் விதிப் புத்தகத்திலிருந்து நீங்கியது. எல்லையற்ற விவாதம் என்ற கொள்கைக்காக அன்று யாரும் போராடவில்லை. கதவின் தாழ்ப்பாள் கழன்று போனதே பல ஆண்டுகள் வரை பெரிதாக உணரப்படவில்லை. 1841-இல் தேசிய வங்கி மசோதாவை எதிரணியினர் பேசியே இழுத்தடித்தபோது, விவாதத்துக்கு வரம்பு கட்ட ஹென்றி கிளே முயன்று தோற்றார்.

இதே நெருக்கடியை லண்டனும் சந்தித்தது. 1881-இல் பார்னெல் தலைமையிலான ஐரிஷ் உறுப்பினர்கள் அடக்குமுறைச் சட்டத்தை எதிர்த்து 41 மணி நேரம் அவையை நீட்டித்தார்கள். பிப்ரவரி 2 அன்று சபாநாயகர் பிராண்ட் தம் பொறுப்பிலேயே விவாதத்தை முடித்து வைத்தார். மறு ஆண்டே பொதுமக்கள் சபை விவாத முடிப்பு விதியை இயற்றியது. அங்கே தேவைப்பட்டது சாதாரணப் பெரும்பான்மை, கூடவே குறைந்தபட்ச எண்ணிக்கையில் ஆதரவு வாக்குகள். இன்று அந்த எண்ணிக்கை 100. பெரும்பான்மை விவாதத்தை முடிக்கலாம், ஆனால் அதற்கு அவையில் ஆளிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

வாஷிங்டன் வேறு வழியில் போனது. 1917 மார்ச்சில், ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கு எதிராக வணிகக் கப்பல்களில் ஆயுதம் ஏற்றும் மசோதாவை ஒரு சிறு குழு கூட்டத்தொடர் முடியும்வரை பேசியே கொன்றது. அதிபர் வில்சன் கொதித்தெழுந்தார். மார்ச் 8 அன்று 76-க்கு 3 என்ற வாக்கில் செனட் தன் 22-ஆம் விதியைத் திருத்தியது. 16 பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுக்கலாம். வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால், பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் மட்டுமே பேச்சு. காகிதத்தில் இது பேச்சுக்குப் போட்ட வரம்பு. நடைமுறையில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தடுக்கும் உரிமை எழுத்தில் கிடைத்தது. அந்த உரிமை யாருக்குப் பயன்பட்டது? கறுப்பின மக்களைக் கும்பல் அடித்துக் கொல்வதைக் குற்றமாக்கும் டயர் மசோதா 1922-இல் பிரதிநிதிகள் சபையில் 230-க்கு 119 என்ற வாக்கில் நிறைவேறியது. செனட்டில் தென் மாநில உறுப்பினர்கள் அதை முடக்கினார்கள். 1930-களில் வந்த மசோதாக்களுக்கும் அதே கதி.

1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம்தான் இந்தச் சுவரை உடைத்தது. ரிச்சர்ட் ரஸ்ஸல் தலைமையில் தென் மாநில அணி முறை வைத்துப் பேசியது. ராபர்ட் பர்ட் ஒருவரே 14 மணி நேரத்துக்கு மேல் பேசினார். அறுபது வேலை நாட்கள் அந்த விவாதமே அவையை ஆக்கிரமித்தது. ஜனநாயகக் கட்சியின் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒருபுறம், குடியரசுக் கட்சித் தலைவர் எவரெட் டர்க்சன் மறுபுறம் எனத் திருத்தங்கள் பேசி முடிக்கப்பட்டன. ஜூன் 10 அன்று விவாத முடிப்பு 71-க்கு 29 என்ற வாக்கில் வென்றது. மூளைக் கட்டியால் பேச்சிழந்த கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் வந்து, தம் கண்ணைச் சுட்டிக்காட்டி ஆதரவு தெரிவித்தார். குடிமை உரிமை மசோதா ஒன்றில் விவாத முடிப்பு வாக்கு வென்றது அதுவே முதல் முறை. தடுத்தவர்கள் நாடே பார்க்கத் தங்கள் பெயரையும் குரலையும் நேரத்தையும் பணயம் வைக்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அந்தப் பணயம் 1970-களில் மறைந்தது. முதலில், ஒரு மசோதா தடுக்கப்பட்டால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு அலுவலைக் கவனிக்கும் இரட்டைத் தட முறையை செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் மைக் மேன்ஸ்ஃபீல்ட் கொண்டுவந்தார். தடுப்பவர் இனி இரவு முழுக்க நின்று பேசத் தேவையில்லை. பிறகு 1975-இல் வரம்பு மூன்றில் இரண்டிலிருந்து ஐந்தில் மூன்றாகக் குறைக்கப்பட்டது. ஆனால் கணக்கின் அடிப்படையும் மாறியது. வாக்களிப்போரில் பங்கு என்பது போய், பதவியேற்ற மொத்த உறுப்பினர்களில் பங்கு என்றானது. பழைய விதியில் 75 பேர் வந்திருந்தால் 50 வாக்கு போதும். 90 பேர் வந்தால் 60. புதிய விதியில் எத்தனை பேர் வந்தாலும் 60 வேண்டும். அதாவது வருகை 89-க்குக் கீழே போனால் பழைய விதியே எளிது. எதிர்ப்பவர் அவைக்கே வராவிட்டாலும் அவர் எதிர்த்து வாக்களித்ததாகவே பொருள். விவாதத்தை முடிப்பதை எளிதாக்குவதாக நினைத்துச் செய்த சீர்திருத்தம், வேலை முழுவதையும் பெரும்பான்மையின் தலையில் ஏற்றியது.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 1917 முதல் 1970 வரை தாக்கலான விவாத முடிப்பு மனுக்கள் அறுபதுக்கும் குறைவு. 2021, 2022 ஆகிய இரண்டே ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேல். இவற்றில் பெரும்பகுதி நியமனங்கள் தொடர்பானவை என்பது உண்மை. ஆனால் வழக்கமான நியமனத்துக்கே மனுப் போட வேண்டிய நிலை வந்ததும் இதே நோயின் அறிகுறிதான். நேர்வழி அடைபட்டதால் செனட் பக்கவழிகளைத் தேடியது. விவாதம் 20 மணி நேரத்துக்கு மேல் போகாத சிறப்பு நிதி மசோதா முறை 1974-இல் வந்தது. பிறகு எத்தனையோ கொள்கைகள் அந்த வழியாகவே நுழைந்தன. 2013-இல் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் அணி உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்கும், 2017-இல் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் அணி உச்ச நீதிமன்றத்துக்கும் சாதாரணப் பெரும்பான்மையைக் கொண்டுவந்தன. வாழ்நாள் பதவியுள்ள நீதிபதியை 51 பேர் அமர்த்தலாம். ஒரு வாக்குரிமை மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 60 பேர் வேண்டும்.

இந்த விமர்சனத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. விதி இல்லாவிட்டால் பெரும்பான்மை கொடுங்கோலாகும் என்பது முதலாவது. ஆனால் இரண்டு அவைகள், அதிபரின் மறுப்பு அதிகாரம், நீதிமன்றம் ஆகிய மூன்று தடைகளைத் தாண்டித்தான் அங்கே ஒரு சட்டம் நிற்கிறது. சுமார் 4 கோடி மக்கள் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் 6 லட்சத்துக்கும் குறைவானோர் வாழும் வயோமிங்குக்கும் தலா இரண்டு செனட்டர்கள் என்ற ஏற்பாடே சிறிய மாநிலங்களுக்குப் பெரும் பாதுகாப்பு. அதன் மேல் இன்னொரு பூட்டு எதற்கு? இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: இந்த விதிதான் எதிரெதிர் அணிகளைச் சமரசத்துக்குத் தள்ளுகிறது, அது இல்லாவிட்டால் ஆட்சி மாறும்போதெல்லாம் சட்டமும் மாறும். 1964-இல் டர்க்சன் பங்கேற்ற சமரசம் இதற்குச் சான்று என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சமரசம் பிறந்தது இரு தரப்பும் விலை கொடுத்ததால். ஒரு தரப்பு எந்தச் செலவும் இல்லாமல் தடுக்க முடிகிறபோது அது பேச்சுவார்த்தைக்கு வர என்ன அவசியம்?

ஆகவே சிறுபான்மையின் குரலைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேசும் உரிமை வேறு, பேசாமலே தடுக்கும் உரிமை வேறு. முடிக்க விரும்புவோர் 60 பேரைத் திரட்டுவதற்குப் பதிலாக, தொடர விரும்புவோர் 41 பேர் அவைக்கு வந்து நிற்கட்டும் என்ற யோசனை அங்கே பலகாலமாகப் பேசப்படுகிறது. பாரத்தை அதன் உரிய தோளுக்குத் திருப்பும் நேர்மையான வழி அதுவே. இல்லாவிட்டால் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. டயர் மசோதா செனட்டில் முடங்கியது 1922-இல். கும்பல் கொலைக்கு எதிரான சட்டங்களை நிறைவேற்றத் தவறியதற்காக செனட் மன்னிப்புக் கேட்டது 2005-இல். மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மட் டில் பெயரால் அந்தச் சட்டம் கையெழுத்தானது 2022 மார்ச் 29 அன்று.

(தொடரும்)