இறைச்சியும் இறைமையும்

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14ஆந் திகதி பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் ஜோர்ஜ் யூஸ்டிஸ் என்னும் உறுப்பினர் எழுந்து உரையாற்றினார். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளுங் கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்தவர். இரண்டு மாதங்களுக்கு முன்புவரை சுற்றாடலுக்கும் விவசாயத்துக்கும் பொறுப்பான மந்திரியாக இருந்தவர். அவுஸ்திரேலியாவுடன் தமது அரசாங்கம் செய்துகொண்ட தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் உண்மையில் அத்துணை நல்ல ஒப்பந்தமன்று என்றும், பெற்றது மிகச் சிறிது, கொடுத்ததோ மிகப் பெரிது என்றும் அவர் சொன்னார். பின்வரிசைக்கு வந்துவிட்டபடியால் இனி அதற்கு மெருகு பூசிப் பேசவேண்டிய கடமை தமக்கில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஒப்பந்தம் கைச்சாத்தாகி அப்பொழுது பதினொரு மாதங்கள் கழிந்திருந்தன.

பதவியிழந்த மந்திரிகள் உண்மை பேசுவது எந்த நாட்டிலும் புதுமையன்று. எனினும் இவ்வுரையை அன்றாட அரசியற் செய்தியாக எண்ணி ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. இங்கிலாந்து மக்களின் உணவு எங்கிருந்து வரவேண்டும், அதன் விலையை யார் இறுக்கவேண்டும், இதனைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வழக்கு அந்நாட்டில் இரு நூற்றாண்டுகளாக நடந்து வருகின்றது. யூஸ்டிஸின் ஒப்புதல் அவ்வழக்கில் ஒரு புதிய சாட்சியம்.

நிகழ்ந்தது இதுதான். 2016 யூன் 23ல் நடந்த குடியொப்பத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகவேண்டுமென நூற்றுக்கு 51.9 பேர் வாக்களித்தனர். 2020 ஜனவரி 31ல் பிரித்தானியா விலகிற்று. அவ்வாண்டு முடிவுடன் இடைக்கால ஏற்பாடுகளும் முடிவுற்றன. விலகலை வேண்டியோர் மக்கள் முன் வைத்த வாக்குறுதிகளுள் தலையாயது, நாட்டின் கடிவாளம் மீண்டும் நம் கைக்கு வரும் என்பது. உலக நாடுகளுடன் சொந்தமாக ஒப்பந்தஞ் செய்யும் உரிமை அக்கடிவாளத்தின் கண்கண்ட அடையாளமாகக் காட்டப்பட்டது. ஆகவே ஒப்பந்தம் ஒன்று விரைவில் வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கெனவே செய்திருந்தவற்றைப் பிரதிபண்ணாமல், அடியிலிருந்து புதிதாகப் பேசி முடித்த முதல் ஒப்பந்தம் என்ற பெருமை அவுஸ்திரேலிய ஒப்பந்தத்துக்குக் கிட்டியது. 2021 யூன் மாதம், செல்வந்த நாடுகள் ஏழின் தலைவர்கள் கோர்ன்வாலிற் கூடிக் கலைந்த கையோடு, பிரதம மந்திரி ஜோன்சனும் அவுஸ்திரேலியப் பிரதமர் மொரிசனும் டௌனிங் வீதியில் இராப்போசனம் அருந்தினர். மறுநாள் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. அந்த மாநாட்டையே கெடுவாக நிர்ணயித்துக்கொண்டு பேரம் பேசியதால்தான் பேரத்தில் நம் கை தாழ்ந்தது என்பது யூஸ்டிஸின் குற்றச்சாட்டு. சந்தையில் ஆடு வாங்கச் செல்பவன், பொழுது சாய்வதற்குள் நான் வாங்கியே தீரவேண்டும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டு போவானாயின் விலை என்னாகும் என்பதை நம் கிராமத்தவர் அறிவர்.

கொடுத்தது என்ன? மாட்டிறைச்சி முதலாண்டில் 35,000 தொன் தீர்வையின்றி வரலாம். பத்தாம் ஆண்டில் இது 1,10,000 தொன்னாக உயரும். செம்மறியிறைச்சி 25,000 தொன்னிற் தொடங்கி 75,000 தொன்னை எட்டும். அதற்குமேல் ஐந்தாண்டுகளுக்கு ஒரு பாதுகாப்பு எல்லை உண்டு. பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின் அந்த எல்லையும் இல்லை. பெற்றது என்ன? அரசாங்கமே வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2035ஆம் ஆண்டளவில் நாட்டின் மொத்த உற்பத்தி 0.08 சதவீதத்தால் உயரும். ஏறக்குறைய 230 கோடி பவுண். அதே மதிப்பீடு, விவசாயம், காட்டுத்தொழில், மீன்பிடி ஆகியன 9 கோடி 40 இலட்சம் பவுணும், அரைப் பதனிட்ட உணவுத் தொழில் 22 கோடி 50 இலட்சம் பவுணும் இழக்கும் என்றும் கூறிற்று. நூற்றில் ஒரு பங்கினும் குறைந்த நன்மை முழு நாட்டின்மேலும் பனித்துளிபோற் பரவ, தீமை ஒரு தொழிலின் தலையில் மட்டும் இறங்கும் என்பதே இதன் பொருள்.

இத்தலை எது என்பதையும் பார்த்தல் வேண்டும். வேல்ஸ் நாட்டு மலைச்சரிவுகளிலும் ஸ்கொத்லாந்தின் மேட்டு நிலங்களிலும் நெல்லோ கோதுமையோ விளைவதில்லை. புல்லும் செம்மறியுமே அங்குள்ள செல்வம். வேல்ஸ் மொழியை அன்றாடம் வழங்கும் மக்களின் விகிதம் ஏனைய தொழில்களிலும் பார்க்கக் கமத்தொழிலில் அதிகம். ஆதலால் அங்கு ஒரு குடும்பம் மந்தையை விற்றுவிட்டு நகருக்குப் போகும்போது மொழியின் ஒரு வீடும் அடைபடுகின்றது. இதனைத் தொன் கணக்கிலும் பவுண் கணக்கிலும் எழுதவியலாது. ஆகவே எந்த மதிப்பீட்டிலும் இது இடம்பெறுவதில்லை.

கமக்காரர் வாளாவிருந்தனர் அல்லர். ஒப்பந்தம் அறிவிக்கப்படுவதற்கு ஓராண்டு முன்னரே, இறக்குமதியாகும் உணவும் உள்நாட்டுத் தரத்துக்குக் குறைதலாகாது என்று தேசிய கமக்காரர் சங்கம் தொடக்கிய மனுவிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். இங்கிலாந்துக் கமக்காரனுக்குத் தடைசெய்யப்பட்ட சில முறைகள் அவுஸ்திரேலியாவில் அனுமதிக்கப்பட்டுள்ளன. ஆடுமாடுகளைத் தொடர்ந்து 48 மணிநேரம் வரை வண்டியில் ஏற்றிச் செல்வதும் அவற்றுள் ஒன்று. ஓமோன் ஏற்றிய இறைச்சிக்கான தடை நீங்கவில்லை என்று அரசாங்கம் கூறியது, அது மெய்யே. மக்களுக்கு மலிவான உணவு கிடைக்கும், அவுஸ்திரேலிய இறைச்சி பெரும்பாலும் ஆசியச் சந்தைக்கே போகிறது, எனவே அஞ்சற்க என்றும் கூறியது. இரண்டாவது வாதத்துக்குப் பின்னர் வருவோம். முதலாவது வாதம் மிகப் பழையது. அதன் வரலாற்றை அறிந்தால்தான் இன்றைய வழக்கு விளங்கும்.

நெப்போலியனுடன் நடந்த யுத்தம் முடிந்த 1815ஆம் ஆண்டில், நிலப்பிரபுக்கள் நிறைந்த பாராளுமன்றம் தானியச் சட்டத்தை இயற்றியது. கோதுமை விலை குவாட்டருக்கு 80 ஷில்லிங்கை எட்டும்வரை பிறநாட்டுக் கோதுமை உள்நாட்டிற் செல்லக்கூடாது என்பது சட்டம். ரொட்டி விலை ஏற நிலவாடகையும் ஏறிற்று. தொழிலாளியின் வயிற்றிலிருந்து எடுத்துப் பிரபுவின் பெட்டியில் இடும் இச்சட்டத்தை எதிர்த்துக் கவிதை பாடியவர் ஷெபீல்ட் நகரத்து இரும்பு வணிகர் எபனேசர் எலியட். 1838ல் மாஞ்செஸ்டரில் இயக்கம் தோன்றியது. கொப்டன், பிரைட் ஆகியோர் அதன் தலைவர்கள்.

இவ்விடத்தில் நாம் சிறிது நின்று பார்த்தல் நன்று. தானியச் சட்ட எதிர்ப்பை ஏழைகளின் போராட்டமென்று மட்டும் சொல்லிச் செல்வது பாடப்புத்தக வழக்கம். ஆனால் அதே காலத்திற் சர்வசன வாக்குரிமைக்காகப் போராடிய சாசன இயக்கத்தினருட் பலர் கொப்டனின் கூட்டத்தை ஐயக்கண் கொண்டே நோக்கினர். சில கூட்டங்களைக் கலைக்கவுஞ் செய்தனர். ரொட்டி மலிந்தால் கூலியையுங் குறைக்கலாம் என்பதே ஆலை முதலாளிகளின் கணக்கு என்று அவர்கள் கருதினர். முதலில் எமக்கு வாக்கைத் தாருங்கள், ரொட்டியின் விலையை நாமே தீர்மானிப்போம் என்பது அவர்கள் கட்சி. வாக்கு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1846ல் பிரதம மந்திரி பீல், தம் கட்சியிற் பெரும்பகுதி எதிர்த்து நிற்க, எதிர்க்கட்சியின் துணையோடு சட்டத்தை நீக்கினார். ஜனவரியிற் தொடங்கிய விவாதம் மே மாதம்வரை நீண்டது. இறுதி வாக்கெடுப்பில் 327 பேர் ஆதரித்தனர், 229 பேர் எதிர்த்தனர். யூன் 25ல் பிரபுக்கள் சபை அதனை ஏற்ற அன்றிரவே, அயர்லாந்து தொடர்பான வேறொரு மசோதாவில் பீலின் அரசாங்கம் வீழ்ந்தது.

இலண்டனிற் தீர்வை மாறினால் அதன் அதிர்ச்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நம் நாடே ஓர் உதாரணம். அதே தசாப்தத்திற் குடியேற்ற நாட்டுக் கோப்பிக்கு அங்கிருந்த தீர்வைச் சலுகையும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1851ல் முற்றாக நீங்கியது. இதற்கிடையில் 1847ல் வந்த நெருக்கடியிற் கோப்பி விலை வீழ்ந்தது. வருமானங் குன்றிய ஆள்பதி டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வீதிக்கும் வரி விதித்தான். 1848ல் மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. அக்கிளர்ச்சியிற் சேர்ந்த கண்டிக் குடியானவர்களுள் எவரும் இலண்டன் விவாதங்களைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

1846ன் விளைவு இங்கிலாந்துக் கமக்காரர்மீது உடனே விழவில்லை என்பதே இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் விவசாயம் செழிக்கவே செய்தது. அச்சம் வீணென்று பலரும் சொல்லியிருப்பர். பின்னர் அமெரிக்கப் புல்வெளிகளை ரயிற்பாதை ஊடறுத்தது. நீராவிக் கப்பற் கூலி குறைந்தது. 1870களின் பிற்பகுதியில் வந்திறங்கிய கோதுமை வெள்ளம் இங்கிலாந்தின் தானிய வயல்களை அழித்தது. கூலித் தொழிலாளர் நகரங்களுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் பெயர்ந்தனர். 1880ல் ஸ்ட்ராத்லெவன் என்னுங் கப்பல் அவுஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சி சுமார் 40 தொன்னை இலண்டனுக்குக் கொணர்ந்தது. கதவைத் திறந்தவர் பீல். கதவால் வெள்ளம் புகுந்தபோது அவர் கல்லறையிற் கால் நூற்றாண்டைக் கழித்திருந்தார்.

ஆயினும் மக்கள் பின்வாங்கவில்லை. 1903ல் ஜோசப் சேம்பர்லின் சாம்ராச்சிய நாடுகளுக்குச் சலுகையும் பிறருக்குத் தீர்வையும் வேண்டுமென்று கிளம்பியபோது, பெரிய ரொட்டி சிறிய ரொட்டி என்னும் சுவரொட்டிகளுடன் லிபரல் கட்சியினர் எதிர்த்தனர். 1906ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் சேம்பர்லினின் கட்சியைத் தோற்கடித்தனர். 1932ல் ஒட்டாவா மாநாட்டின்பின் சாம்ராச்சியச் சலுகை ஒருவாறு நிலைபெற்றது. 1973ல் பிரித்தானியா ஐரோப்பியப் பொதுச்சந்தையிற் சேர்ந்தபோது அதுவும் சாய்ந்தது. இம்முறை அடி விழுந்தது மறுகரையில். தாஸ்மேனியாவிலே தலைமுறை தலைமுறையாக இங்கிலாந்துக்கு அப்பிள் அனுப்பியவர்கள், மரங்களை வேரோடு பிடுங்குவதற்கு அரசாங்கத்திடம் உதவிப்பணம் பெற்றனர். ஆகவே அவுஸ்திரேலியக் கமக்காரனைப் பகைவனாகக் காட்டி அழுவாரோடு நாம் சேர்ந்து அழ இயலாது. அவனும் ஒரு கதவு அடைபட்ட ஓசையைக் கேட்டவனே.

எமது குறை வேறிடத்திற் கிடக்கின்றது. 1846ஆம் ஆண்டுப் பாராளுமன்றம் சிலரால் மட்டும் தெரிவுசெய்யப்பட்டது. எனினும் மாதக்கணக்கில் விவாதித்து, பெயர் சொல்லி வாக்களித்தது. 1906ல் மக்களே தீர்ப்பளித்தனர். 2022ல் நடந்தது என்ன? 2010ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, உடன்படிக்கையொன்று பாராளுமன்றத்தின் மேசையில் 21 அமர்வு நாட்கள் கிடந்தாற் போதும். சபை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றாவிடின் அது ஏற்கப்பட்டதாகும். சபைக்கு நேரம் ஒதுக்குவதோ பெரும்பாலும் அரசாங்கத்தின் கையில். அவுஸ்திரேலிய ஒப்பந்தம் 2022 யூன் 15ல் மேசையில் வைக்கப்பட்டது. சர்வதேச வர்த்தகக் குழு விவாதத்துக்கு நேரம் கேட்டது, கிடைக்கவில்லை. யூலை 20ல் நாட்கள் முடிந்தன. ஒரு வாக்குமின்றி ஒப்பந்தம் நிறைவேறிற்று. பின்னர் 2023 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டம் அரசாங்கக் கொள்வனவு பற்றிய பகுதிகளை மட்டுமே தொட்டது. ஐரோப்பிய ஒன்றியம் செய்யும் வர்த்தக ஒப்பந்தங்களுக்கோ ஐரோப்பியப் பாராளுமன்றம் சம்மதிக்க வேண்டும். அதிற் பிரித்தானியரும் அங்கம் வகித்திருந்தனர். கடிவாளம் திரும்பி வந்தது மெய். அது மந்திரிசபை அறைக்குத்தான் வந்தது.

இனி அந்த ஆசியச் சந்தை வாதம். 2023 மே 31ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் முதல் ஆண்டுகளில், அனுமதிக்கப்பட்ட அளவை அவுஸ்திரேலிய இறைச்சி நிரப்பவில்லை. அச்சம் வீணென்று இப்பொழுதுஞ் சொல்லப்படுகின்றது. ஆனால் 2020ல் கன்பராவுடன் மனக்கசப்புற்ற சீனா, அவுஸ்திரேலிய வாற்கோதுமைக்கு எண்பது சதவீதத்துக்கு மேற் தீர்வை விதித்ததையும், சில இறைச்சிச் சாலைகளின் சரக்கைத் தடுத்ததையும் நாம் கண்டோம். அத்தடைகள் பின்னர் நீங்கின. மறுபடி அவ்வாறொன்று நிகழுமாயின், பீக்கிங்கில் அடைபடும் இறைச்சி வேல்ஸ் மலையடிவாரத்துச் சந்தைக்கு வரத் தடை எதுவும் மிஞ்சியிராது.

யூஸ்டிஸின் பேச்சு பலனின்றிப் போகவில்லை என்றே தோன்றுகின்றது. 2024 ஜனவரியில், பாற்கட்டி பற்றியும் ஓமோன் ஏற்றிய மாட்டிறைச்சி பற்றியும் இணக்கமில்லாமற் போகவே, கனடாவுடனான பேச்சைப் பிரித்தானியா இடைநிறுத்தியது. ஆனால் அவ்வாண்டு யூலையிற் தொழிற்கட்சி பதவிக்கு வந்தபின்னரும் வழி பெரிதும் மாறவில்லை. 2025 மே மாதம் அமெரிக்காவுடன் செய்த உடன்பாட்டில், மோட்டார் வண்டிகளுக்கும் உருக்குக்கும் சலுகை வேண்டி, 140 கோடி லீற்றர் எதனோல் தீர்வையின்றி வர இடமளிக்கப்பட்டது. எதனோல் என்பது தானியத்திலிருந்து வடிக்கும் எரிசாராயம். ஹல் நகருக்கு அண்மையில் அதனை வடித்துவந்த தொழிற்சாலை, ஆகஸ்ட் மாதத்தில் உற்பத்தியை நிறுத்தித் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. அவ்வாலை வாங்கி வந்தது சுற்றுவட்டாரத்துக் கமக்காரரின் கோதுமை. அறுவடை அப்பொழுதுதான் களத்துக்கு வந்துகொண்டிருந்தது.