ஃபவுலா, வயலேஷனா? - கூடைப்பந்து நடுவர் சொற்களின் கதை

கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. பற்றி நம்ம ஊர் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் பத்து நிமிஷம் பேசுவார்கள். கூடைப்பந்து பார்க்க ஆரம்பிக்கும் ஆளுக்கோ முதல் நாளே தலை சுற்றும். டிராவலிங், சார்ஜ், கோல்டெண்டிங், டெக்னிக்கல் ஃபவுல்னு வர்ணனையாளர் அடுக்கிக்கொண்டே போவார், நடுவர் கையை ராட்டினம் மாதிரி சுத்துவார், நமக்கு ஒண்ணும் புரியாது. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் நண்பர்கள் நாலு பேர் இதையே கேட்டார்கள். அகராதி மாதிரி எழுதினால் நானே படிக்க மாட்டேன். அதனால், எந்தச் சொல் எந்தப் பிரச்சனையால் வந்தது என்று வரலாறாகவே எழுதிவிடுகிறேன்.

1891 டிசம்பர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியாரிடம், குளிர்காலத்தில் கட்டடத்துக்குள்ளேயே ஆட ஒரு விளையாட்டு கண்டுபிடிங்கன்னு மேலதிகாரி சொல்கிறார். பத்து அடி உயரத்தில் பீச் பழக்கூடைகளை மாட்டி, பக்கத்துக்கு ஒன்பது பேரை நிறுத்தி ஆடவிட்டார். 1939-ல் ஒரு ரேடியோ பேட்டியில் அவரே அந்த நாளை நினைவுகூர்ந்தார். பையன்கள் கட்டிப்புரண்டு, உதைத்து, குத்திக்கொண்டார்களாம். ஒருத்தருக்குத் தோள்பட்டை விலகியது, ஒருத்தர் மயக்கம் போட்டு விழுந்தார். இனி ஆடவிட்டால் யாராவது செத்துப்போவார்கள் என்று பயந்து விதிகளைச் சேர்த்தாராம். அதில் ரொம்ப முக்கியமானது, பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்பது. ஆக, டிராவலிங் என்ற சொல்லின் வேர் அழகியல் கிடையாது. மண்டை உடையாமல் இருக்க வந்த விதி அது. பந்தோடு ஓட முடியாதவனைக் கட்டிப்பிடித்துத் தள்ள வேண்டிய தேவையே இல்லையே!

13 விதிகளும் 1892 ஜனவரியில் அச்சில் வந்தன. என் தொழில் பாஷையில் சொன்னால் வெர்ஷன் 1.0. இதில் ரெண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதலாவது, ரெண்டு நடுவர்கள். அம்பயர் ஆட்களுக்கு நீதிபதி, ரெஃப்ரி பந்துக்கு நீதிபதி. தள்ளினான், பிடித்தான் என்றால் அம்பயர் பாடு. பந்து யாருக்கு, எல்லை தாண்டியதா, கோல் விழுந்ததா, நேரம் என்ன என்றால் ரெஃப்ரி பாடு. இன்றைக்கு ஆட்டம் பார்ப்பவருக்குத் தேவையான முதல் பாடமும் கிட்டத்தட்ட இதுதான். ஆளின்மேல் செய்யும் தப்பும் நடத்தைக் கேடும் ஃபவுல். அது அவர் கணக்கில் ஏறும். சர்வதேச ஆட்டத்தில் ஐந்து, அமெரிக்க என்.பி.ஏ.வில் ஆறு வந்தால் வெளியே போகவேண்டும். பந்து, கோடு, கடிகாரம் சம்பந்தப்பட்ட தப்பு வயலேஷன். டிராவலிங், கோட்டைத் தாண்டுவது எல்லாம் இந்த ரகம். பெரும்பாலும் பந்து எதிரணிக்குப் போவதோடு சரி. ஆட்களை இடிக்காமலே நடுவரைத் திட்டுவது மாதிரி வாலாட்டினால் டெக்னிக்கல் ஃபவுல். ஆனால் நெய்ஸ்மித் காலத்தில் இந்தப் பிரிவினை முழுசாக வரவில்லை. பந்தோடு ஓடினாலும் ஃபவுல்தான், ஆளைத் தள்ளினாலும் ஃபவுல்தான். ஒரு அணி தொடர்ந்து மூன்று செய்தால் எதிரணிக்கு ஒரு கோல் இனாம்!

இரண்டாவது, அந்த மூன்றாம் விதி. பிடித்த இடத்திலிருந்தே எறியணும், ஆனால் ஓடிவந்து பிடிப்பவருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு என்கிறது. எத்தனை அடி சலுகை? சொல்லவில்லை. 130 வருஷமாக ரசிகர்கள் அடித்துக்கொள்வது இந்த ஒரு ஓட்டைக்காகத்தான் :-) 2017-ல் சர்வதேச அமைப்பான ஃபீபா (கால்பந்து ஃபிஃபா இல்லீங்க) இதற்கு எண்ணிக்கை கொடுத்தது. நகர்ந்துகொண்டே பந்தைக் கட்டுப்பாட்டில் எடுக்கும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது, அதற்குப் பிறகு ரெண்டு அடி. அதைத்தான் 'ஜீரோ ஸ்டெப்' என்கிறார்கள். என்.பி.ஏ.வில் அந்தக் கணத்துக்கு 'கேதர்' என்று பெயர். மூன்று அடி வைத்தானேன்னு கத்துவதற்கு முன்னால் கேதர் எங்கே என்று பாருங்கள்.

அடுத்து, உயரமானவர்கள் கொடுத்த தலைவலி. பாப் கர்லாண்ட் (ஏழு அடி), ஜார்ஜ் மைக்கன் போன்றவர்கள் கல்லூரி ஆட்டத்தில் கூடைக்குப் பக்கத்தில் நின்று, இறங்கி வரும் பந்தைச் சாவகாசமாகத் தட்டிவிட்டார்கள். 1944-ல் அதைத் தடை செய்தார்கள். அதுதான் கோல்டெண்டிங். 1936-ல் வந்த மூன்று விநாடி விதியும் இந்த வகைதான். கூடைக்கு முன்னால் இருக்கும் கட்டத்துக்குள் தாக்கும் அணிக்காரர் டேரா போடக்கூடாது. அப்போது கட்டத்தின் அகலம் வெறும் 6 அடி, தலைப்பில் 12 அடி வட்டம். பார்க்க சாவி மாதிரி இருந்ததால் 'கீ' என்று பெயர் வந்தது. மைக்கனுக்காக 1951-ல் என்.பி.ஏ. அதை 12 அடி ஆக்கியது. வில்ட் சேம்பர்லின் ஆடிய காலத்தில், 1964-ல், 16 அடி ஆனது. சாவி போய் பெட்டி ஆகிவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

மைக்கனைத் தடுக்க ஒரு அணி இன்னொரு வழி கண்டுபிடித்தது. 1950 நவம்பர் 22-ல் ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் பந்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றது. முடிவு 19-18. என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குறைந்த ஸ்கோர். ஜனங்கள் கடுப்பானார்கள். சிராகியூஸ் அணியின் முதலாளி டேனி பியசோன் ஒரு கணக்குப் போட்டார். நல்ல ஆட்டத்தில் ரெண்டு அணியும் சேர்ந்து 120 முறை எறிகின்றன. 48 நிமிஷம் என்றால் 2880 விநாடி. வகுத்தால் 24. 1954-ல் 24 விநாடி கடிகாரம் வந்தது. நடுவர் மேஜையில் ஒரு ஆள் கூடினார்.

மேஜை என்றதும் மியூனிக்கைத் தொடாமல் போக முடியாது. 1972 ஒலிம்பிக் இறுதி ஆட்டம். அதுவரை ஒலிம்பிக்கில் 63 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்காத அமெரிக்கா, எதிரே சோவியத் யூனியன். மூன்று விநாடி பாக்கி இருக்கும்போது டக் காலின்ஸ் ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் போட, அமெரிக்கா 50-49. ரெண்டாவது ஃப்ரீ த்ரோவுக்கு நடுவிலேயே மேஜையிலிருந்து ஹார்ன் சத்தம். சோவியத் பயிற்சியாளர்கள் நாங்கள் டைம்-அவுட் கேட்டோம் என்றார்கள். பந்து ஆட்டத்துக்கு வந்து, ஒரு விநாடி இருக்கும்போது நிறுத்தினார்கள். அப்போது ஃபீபா பொதுச்செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கிவந்து, கடிகாரத்தை மூன்று விநாடிக்குத் திருப்புங்கள் என்றார். ஆட்டம் நடக்கும்போது அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரமே கிடையாது. சரியாகத் திருப்பும் முன்பே மறுபடி பந்து எறியப்பட்டது, ஹார்ன் அடித்தது, அமெரிக்கர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். இல்லை, இன்னொரு தடவை என்றார்கள். மூன்றாவது முறை இவான் எடெஷ்கோ அந்தக் கோடியிலிருந்து எறிய, அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துப் போட, 51-50.

பிரேசில் நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். அமெரிக்காவின் முறையீடு 3-2 என்ற ஓட்டில் தள்ளுபடி ஆனது. அந்த 12 வீரர்களும் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை. கேப்டன் கென்னி டேவிஸ், தன் மனைவியும் பிள்ளைகளும்கூட வாங்கக்கூடாது என்று உயிலில் எழுதினார். இதில் சோவியத் வீரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆடச் சொன்னார்கள், ஆடினார்கள். யார் தீர்ப்பு சொல்லலாம் என்பது குழம்பியதுதான் பிரச்சனை. நெய்ஸ்மித் ரெண்டு பேருக்கும் வேலையை அவ்வளவு தெளிவாகப் பிரித்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது.

விசிலுக்கும் ஒரு கதை உண்டு. ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடா நடுவர் 1984-ல் பிரேசிலில் ஒரு ஆட்டத்தில் ஊதும்போது, உள்ளே இருக்கும் குண்டு மாட்டிக்கொண்டு சத்தமே வரவில்லை. கூட்டம் கொந்தளித்தது. மனுஷன் திரும்பிப்போய் குண்டே இல்லாத விசிலை உருவாக்கி 1987-ல் வெளியிட்டார். உலகம் பூராவும் நடுவர்கள் கழுத்தில் தொங்கும் ஃபாக்ஸ் 40 அதுதான்.

மிச்சம் இருப்பது சண்டைகளின் ராஜா, பிளாக்கா சார்ஜா? தடுப்பவர் சிலை மாதிரி நின்றால்தான் சார்ஜ் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலில் எதிரிக்கு முகம் காட்டி, ரெண்டு காலையும் ஊன்றி நியாயமான இடம் பிடிக்கணும். அப்புறம் பக்கவாட்டிலோ பின்னாலோ நகரலாம். கூடைக்கு அடியில் போய் நின்று வேண்டுமென்றே இடி வாங்குவதைக் குறைக்க, அங்கே ஒரு அரைவட்டம் போட்டார்கள். என்.பி.ஏ. 1997-ல், ஃபீபா 2010-ல்.

2007-ல் டிம் டோனகி என்ற என்.பி.ஏ. நடுவர் சூதாட்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மறுவருஷம் 15 மாதத் தண்டனை பெற்றார். அதற்குப் பிறகு தப்பான விசிலைத் தப்பு என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை, சந்தேகமும் சேர்ந்துகொள்கிறது. 2015 முதல் என்.பி.ஏ., இழுபறி ஆட்டங்களின் கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு அறிக்கை வெளியிட ஆரம்பித்தது. ஊதியது சரி, ஊதியது தப்பு, ஊதாதது சரி, ஊதாதது தப்பு என்று நாலு வகை. டெஸ்டிங் வேலை பார்க்கிற மக்கள் உடனே சிரிப்பார்கள். ஆனால் அறிக்கை என்ன சொன்னாலும் முடிவு மாறாது.

நமக்கும் இந்தக் கதைக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. சென்னையில் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். புத்தகக் கண்காட்சிக்கு நந்தனம் மைதானத்தில் புழுதி கிளப்பி நடந்தோமே, அந்தக் கல்லூரிதான்.

அடுத்த முறை நடுவர் ஊதும்போது, திட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் பார்த்தது பந்தையா, ஆளையா? பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குப் பின்னூட்டப் பெட்டி இருக்கவே இருக்கிறது :-)