உருகி காப்பது எதை?



வீட்டில் கரண்டு நின்றால் “பியூஸ் போயிடுச்சு” என்கிறோம். பியூசுக்குத் தமிழில் உருகி என்று பெயர். மின்னோட்டம் அளவு மீறினால் தான் உருகிச் சுற்றைத் துண்டிக்கும். அப்படி அது எதைக் காப்பாற்றுகிறது? வரலாற்றைப் பார்த்தால் விடை தெரியும்.

1847-இல் பிரான்சின் பிரெகே, தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க மெல்லிய கம்பியை இடையில் பொருத்தச் சொன்னார். 1890-இல் எடிசன் உருகிக்குக் காப்புரிமை பெற்றார். உருகி ஒருமுறைதான் உதவும். போனால் புதிதாகப் போட வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்க, 1924-இல் ஜெர்மனியின் ஹூகோ ஸ்டோட்ஸ் சிறிய மின்சுற்று முறிப்பானைக் கொண்டுவந்தார். ‘டிரிப்’ ஆனால் விசையை மேலே தள்ளினால் போதும்.

லூபோக் சீனாவில் உங்கள் வீட்டில் இருக்கும் மூன்று முனைச் செருகியைப் பாருங்கள். 1947-இல் வெளிவந்த பிரிட்டிஷ் தரத்தைப் பின்பற்றியது அது. அதனுள் இருக்கும் 13 ஆம்பியர் வரையிலான உருகி முதலில் காப்பது, சாதனத்துக்குப் போகும் மெல்லிய வயரைத்தான்.

மின்சைக்கிளிலும் இதே கதைதான். மோட்டார் வழக்கமாக இழுக்கும் மின்னோட்டத்தைவிடக் கூடுதலாகவும், வயர் தாங்குவதைவிடக் குறைவாகவும் உருகியின் அளவு இருக்க வேண்டும். மோட்டாருக்கு 20 ஆம்பியர், வயருக்கு 40 ஆம்பியர் என்றால் 30 ஆம்பியர் உருகி பொருந்தும். பேட்டரிக்கு மிக அருகில் அதைப் பொருத்த வேண்டும்.

வோல்ட்டையும் பார்க்க வேண்டும். ‘48 வோல்ட்’ லித்தியம் பேட்டரியில் பொதுவாக 13 கலங்கள் தொடராக இருக்கும். முழுதாகச் சார்ஜ் ஆனால் 54.6 வோல்ட். கார்க் கடையில் கிடைக்கும் சாதாரண உருகி பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கானது, இதற்கு ஆகாது. வீட்டு மின்சாரம் வினாடிக்கு 100 முறை சுழியத்தைத் தொடுவதால், துண்டிக்கும்போது எழும் தீப்பொறி எளிதில் அணையும். பேட்டரியின் நேர்மின்னோட்டம் அப்படித் தணியாது. ஆகவே, வீட்டு முறிப்பானைக் கழற்றிச் சைக்கிளில் மாட்டாதீர்கள். நேர்மின்னோட்டத்துக்கு என்று குறிக்கப்பட்டதையே வாங்குங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் ஓர் ஆபத்து மிஞ்சுகிறது. 2022 மார்ச்சில், தமிழ்நாட்டின் வேலூர் அருகே வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றியது. புகையில் சிக்கித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டில் இப்படிப் பல தீ விபத்துகள் நடந்தபின், இந்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரவிதியைக் கடுமையாக்கியது. கலத்துக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தீ எப்படிப் பரவும் என்ற சோதனையும் அதில் சேர்ந்தது.

ஏன்? கலத்தின் உள்ளே நேரும் குறுக்குச்சுற்று, வெளியே இருக்கும் உருகி வழியாகப் போவதே இல்லை. பிறகு எப்படி அது உருகும்? அங்கே தரமான கலமும், கலங்களைக் கண்காணிக்கும் மின்னணுச் சுற்றும், பொருத்தமான சார்ஜரும்தான் துணை. வாசலை மறித்துச் சார்ஜ் போடாதீர்கள். போட்டுவிட்டுத் தூங்கியும் விடாதீர்கள்.

மாணவர்களே, தேர்வில் “உருகி பாதுகாப்புத் தரும்” என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். எதை, எதிலிருந்து காக்கிறது என்றும் எழுதுங்கள்.