அம்பாசடர் காரின் பின்பகுதியைத் தாழ்த்துதல்

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸை ஒட்டி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரின் பின் ஆக்சிலைத் தாங்குபவை இருபுறக் கமான் பட்டைகள். பட்டை ஆக்சிலுக்கு அடியில் அமைந்த கார்களில், இரண்டுக்கும் நடுவே உலோகக் கட்டை வைத்து நீண்ட யூ போல்ட்டால் இறுக்குவார்கள். கட்டையின் உயரம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு பின்பகுதி இறங்கும். பட்டையின் வளைவைத் தட்டிக் குறைப்பது மற்றொரு வழி. இருபுறமும் பட்டை அடுக்கிலிருந்து ஒரு தகட்டை உருவிவிடுவது மலிவு. ஆனால் சுமை தாங்கும் வலு குறையும், பிரேக் பிடிக்கையில் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். எந்த வழியானாலும் ஷாக் அப்சார்பரின் நீளத்தையும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தையும் சரிபார்க்க வேண்டும். ஆக்சில் மேலெழ இடம் சுருங்குவதால் பள்ளங்களில் ரப்பர் தடுப்பில் இடிக்கும். வேகத்தடைகள் மலிந்த இந்தியச் சாலைகளுக்கு இது பொருந்தாத அலங்காரமே. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.