அரணும் மனையும்

‘அரண்மனை’ என்னும் சொல்லைக் கவிஞர்கள் எளிதாக எடுத்தாள்கிறோம். அச்சொல்லில் அரண் முன் நிற்கிறது. மனை பின் வருகிறது. வள்ளுவர் ‘அரண்’ அதிகாரத்தில் நீரும் நிலமும் மலையும் காடுமாகிய காவலையே எண்ணினார். மாடத்தின் எழிலை எண்ணினாரல்லர். உழிஞையும் நொச்சியும்கூட மதிலை வளைப்போரும் காப்போரும் சூடிய பூக்களே.

இச்சொல்லின் வரலாற்றைக் கல்லில் காண விழைவோர் திருப்பதியை அடுத்த சந்திரகிரிக்குச் செல்லலாம். தாம்பரத்திலிருந்து ஒரே நாளில் சென்று மீளும் தொலைவுதான். யாதவராயர் எழுப்பியதாகக் கூறப்படும் அக்கோட்டையின் பாறைக்குன்றும் மதிலும் அகழியும் போரை எண்ணியே அமைந்தவை. இங்கு வலிமை பெற்ற சாளுவ நரசிம்மர் 1485இல் விசயநகர அரியணையைக் கைப்பற்றினார். 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்றுப் பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்த அரசு, இரண்டாம் வேங்கடபதி காலத்தில், 1592 அளவில், சந்திரகிரியைத் தலைநகராக்கியது.

இன்று நாம் காணும் ராஜ மகால் குன்றின் உச்சியில் இல்லை. அடிவாரத்தில், மதிலுக்குள் நிற்கிறது. மூன்று தளங்கள். கல், செங்கல், சுண்ணாம்பு ஆகியவற்றாலான கட்டடம், மரம் பயன்படுத்தப்படவில்லை. தளந்தோறும் தக்காணச் சுல்தான்களின் பாணியில் கூர்முனை வளைவுகள். மேலே கோயில் விமானம் போன்ற சிகரங்கள். வென்றவர் கலைக்குத் தோற்றவர் பணிந்ததன் அடையாளம் இது என்பாருளர். எனக்கு உடன்பாடில்லை. தலைக்கோட்டைக்கு முன்பே ஹம்பியின் தாமரை மகாலில் இக்கலவை அரும்பிவிட்டது.

பிரான்சின் லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகள் நூறாண்டுப் போர் ஓய்ந்தபின் மாளிகைகளாக மலர்ந்தன. சந்திரகிரியிலோ போர் ஓயவில்லை. நாடு சுருங்கச் சுருங்க, எஞ்சிய அரசின் பெருமையை ஒரு மனையே சுமக்க நேர்ந்தது. அதனால்தான் சாளரங்கள் அகன்றபோதும் மதில் இடிக்கப்படவில்லை.

சென்னைக்கான கொடைப் பத்திரம் இந்த மகாலில்தான் கையெழுத்தானது என்றொரு கதை வழங்குகிறது. கதை சுவையானதே. ஆயினும் 1639இல் அப்பத்திரத்தை ஆங்கிலேயருக்கு அளித்தவர், ராயருக்கு உட்பட்டு இப்பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அவருடைய தம்பி ஐயப்பர் நம் பூவிருந்தவல்லியில் இருந்தவர். 1640இல் கடற்கரையில் புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியது. 1646இல் கோல்கொண்டாப் படைக்குச் சந்திரகிரி வீழ்ந்தபோது, கிழக்கே புதிய அரணொன்று உறுதியாக ஊன்றிவிட்டிருந்தது.