கையொப்பம் மெய்யா, போலியா?

தாம் போற்றும் விளையாட்டு வீரரின் கையொப்பத்தைப் பெற்றுப் பாதுகாப்பது மாணவர் பலருக்கும் உள்ள ஆவல். நேரில் வாங்கியதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் பிறரிடம் விலை கொடுத்து வாங்கினால், அது அவ்வீரர் இட்டதுதானா என்று எப்படித் தெளிவது? இந்தக் கேள்வி கிரிக்கெட்டைவிடப் பழையது. ஒரு காலத்தில் ஊர்களின் நில உரிமையே இதன் விடையைப் பொறுத்திருந்தது.

மன்னரின் கையொப்பம்

நிலக்கொடைப் பட்டயத்தில் கொடையாளியின் குலவரலாறு, ஆண்டு, முத்திரை ஆகியவற்றோடு மன்னரின் கையொப்பமும் இருக்க வேண்டும் என்பது யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் விதி. கி.பி. 628-இல் ஹர்ஷர் வழங்கிய பன்ஸ்கேரா செப்பேட்டின் இறுதியில், 'இது என் கையொப்பம்' என்ற பொருளுடன் அவர் பெயர் அழகிய எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. மன்னர் மையால் எழுதித் தந்ததைக் கைவினைஞர் செம்பில் அப்படியே பொறித்திருக்க வேண்டும் என்பர் அறிஞர்.

பட்டயத்துக்கு மதிப்பு வந்ததும் போலியும் வந்துவிட்டது. 631-ஆம் ஆண்டைச் சேர்ந்த மதுபன் செப்பேட்டில் ஹர்ஷரே இதைச் சொல்கிறார். ஒருவர் போலிப் பட்டயம் காட்டி ஓர் ஊரையே அனுபவித்து வந்தார். மன்னர் அப்பட்டயத்தை உடைத்தெறிந்து, ஊரை வேறு இருவருக்கு வழங்கினார்.

காஞ்சிப் பகுதியில்

காஞ்சியை ஆண்ட பல்லவர் இலச்சினையை நம்பினர். செப்பேடுகளைத் துளையிட்டு ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தின் முனைகளை நந்தி முத்திரையால் இணைத்தனர். வளையத்தை வெட்டாமல் ஏடு ஒன்றைச் செருகவோ உருவவோ முடியாது! காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த, முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகள் இப்பகுதியின் புகழ்பெற்ற பட்டயங்களுள் ஒன்று.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறுகிறது. கள்ள ஆவணம் எழுதுவதை அது 'கூடலேகை' என்கிறது. அக்குற்றம் செய்தவர் தேர்தலுக்குத் தகுதியற்றவர்! போலிக் கையெழுத்து ஊரின் நம்பிக்கையையே குலைக்கும் என்று நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

மூன்று சோதனைகள்

காஞ்சியில் பட்டுச் சேலை வாங்குவோர் சரிகையின் மினுமினுப்பை மட்டும் நம்புவதில்லை. மேற்பரப்பைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கிறதா என்று பார்ப்பர். கையொப்பமும் அப்படித்தான். பெயரின் வடிவம் வெறும் மினுமினுப்பு. காப்பியடிக்க எளிதானது அதுவே. அதற்கு அப்பால் மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, காலப் பொருத்தம். குடகுப் பகுதியின் மெர்க்காரா செப்பேடு 388-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சக ஆண்டாகக் கொண்டால் அது கி.பி. 466. ஆனால் அதன் எழுத்து வடிவம் பல நூற்றாண்டு பிந்தியது என்று கூறி, ஃபிளீட் என்ற அறிஞர் அதைப் போலி என ஒதுக்கினார். இதே முறையை மட்டைக்கும் பயன்படுத்தலாம். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைச் சேப்பாக்கத்தில் 1952 பிப்ரவரியில் பெற்றது. 'வெற்றி நாளன்று வினூ மன்கட் இட்டது' என்று ஒரு மட்டை விலைக்கு வருவதாகக் கொள்வோம். கையொப்பம் மெல்லிய முனை மார்க்கர் பேனாவால் இடப்பட்டிருந்தால் அக்கூற்று பொய். அப்பேனாக்கள் 1960-களில்தான் பரவின.

இரண்டாவது, கோட்டின் ஓட்டம். தன் பெயரை எழுதுபவரின் கை விரைந்து செல்லும். கோட்டின் முனை மெலிந்து முடியும். பார்த்து வரைபவரின் கை தயங்கும். உருப்பெருக்கியில் நடுக்கமும், இடையில் பேனாவைத் தூக்கிய இடங்களும் தெரியும். சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது அச்சு. இரண்டு கையொப்பங்கள் இம்மியும் பிசகாமல் ஒத்திருந்தால் மகிழ வேண்டாம்; ஐயுறுக. ஒருவர் இருமுறை ஒரே மாதிரி எழுதுவதில்லை.

மூன்றாவது, வந்த வழி. யார் பெற்றார், எங்கே, யார் கை மாறியது? சான்றிதழ் இருந்தால் போதும் என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவில் 1999-இல் எஃப்.பி.ஐ. பிடித்த போலிக் கையொப்பக் கும்பல், சான்றிதழ்களையும் போலியாகவே தயாரித்தது. அங்கே கிடைத்த பேஸ்பால் பந்துகளில் அன்னை தெரசாவின் 'கையொப்பமும்' இருந்தது! அன்னைக்கும் பேஸ்பாலுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டிருந்தால் போதும்.

எனவே, நீங்கள் ஒரு வீரரிடம் நேரில் கையொப்பம் பெற்றால், அந்தத் தாளின் பின்புறம் அன்றே நாளையும் இடத்தையும் ஆட்டத்தையும் குறித்து வையுங்கள். உங்களுக்குப் பின் அதைக் கையில் எடுப்பவருக்கு அக்குறிப்பே பல்லவர் முத்திரை போல் துணை நிற்கும்.