துவக்கு அனுமதியும் தடையும் (மன்னார்)

மன்னார் மாவட்டத்தில் துவக்கு வைத்திருப்பது இன்றும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்துக்கு உட்பட்டது. குடியேற்ற ஆட்சிக் காலத்துச் சட்டம் அது. 1996இன் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தானியங்கித் துப்பாக்கிக் குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம்.

ஒப்பிட்டுப் பார்த்தால், ஆபத்தானவர் எனக் கருதப்படுபவரிடம் துப்பாக்கி இருக்கக்கூடாதென நீதிமன்றம் தவணையிட்டுத் தடுக்கும் முறை, அமெரிக்காவில் 1999இல் கனெக்டிகட் மாநிலத்தில் சட்டமானது. கலிபோர்னியாவில் அத்தடை ஐந்தாண்டு வரை செல்லும். முடியும் முன் நீடிக்கக் கேட்கலாம். தடைக்குள்ளானவர் நீக்கக் கேட்கலாம். அங்கே துப்பாக்கி உரிமை என்பதால் தவணை தடைக்கு. இலங்கையில் தவணை அனுமதிக்கு. டிசெம்பர் 31உடன் அனுமதிப்பத்திரம் காலாவதியாகிவிடும். ஒருவரிடமிருந்து துவக்கை விலக்க வழக்காட வேண்டியதில்லை, புதுப்பிக்க மறுத்தாலே போதும். நிர்வாகத்துக்கு இது வசதிதான். ஆனால் துவக்கை இழப்பவர் தன் நியாயத்தைத் திறந்த மன்றில் சொல்லும் வாய்ப்பு இதில் குறைவு.

மன்னாரில் துவக்குத் தேவை பெரும்பாலும் பெருநிலப்பரப்பிலேயே. மன்னார்த் தீவில் கடலும் பனையும் பிழைப்பு. கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிய நானாட்டான், முருங்கன் வயல்களில்தான் கதிர் முற்றும் காலத்தில் பன்றிக் காவல். பயிர்க் காவலுக்கான துவக்குக்கு விண்ணப்பிப்பவர் கிராம அலுவலர், பிரதேச செயலகம், கச்சேரி என்று ஏறி இறங்க வேண்டும். தற்காப்புத் துப்பாக்கி பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பு. அனுமதியற்ற இடியனும் (உள்ளூரில் செய்யும் துவக்கு), தானாக வெடிக்கும்படி பொறியாய்க் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் இந்த வரிசைக்கு வெளியே நிற்பவை. கட்டுத்துவக்குக்குப் பன்றியும் ஒன்றுதான், விறகுக்குப் போகிறவரும் ஒன்றுதான்.

போர்க்காலத்தில் இந்த ஒழுங்கு பொருளிழந்தது. 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தம் ஆயுதமேந்திய தமிழ் இயக்கங்களின் ஆயுதங்களை 72 மணித்தியாலத்துக்குள் ஒப்படைக்கச் சொன்னது. அது முழுமையாக நடக்கவில்லை. ஆள்மீதான கட்டுப்பாடுகளும் அமைச்சர் கையில் இருந்தன. 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டப்படி ஒருவரின் நடமாட்டத்தையும் செயற்பாடுகளையும் அமைச்சர் மூன்று மாதங்களுக்குக் கட்டுப்படுத்தி, மொத்தம் 18 மாதங்கள் வரை நீடிக்க முடிந்தது. அவசரகாலநிலையோ மாதாமாதம் நாடாளுமன்றத்தில் நீடிக்கப்பட்டு, 2011 ஆகஸ்டில் முடிவுற்றது. நீடிப்பது சடங்காகிவிட்டால் தவணைக்குப் பொருளில்லை என்பதை வடக்கு இப்படித்தான் கண்டது.

அமெரிக்க நீதிமன்றத் தடைக்கு இங்குள்ள மிக நெருங்கிய வடிவம் 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் தரும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்களுக்கு மேற்படாது. அதை மாற்றவோ நீடிக்கவோ நீக்கவோ விண்ணப்பிக்கலாம். குறி வன்முறையே, துவக்கு அல்ல.

2024 நவம்பரில் தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டது; முதல் கெடுவான நவம்பர் 7 பின்னர் நீடிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூடு அதோடு ஓயவில்லை: 2025 ஜனவரி 16 அன்று மன்னார் நீதிமன்ற வாசலருகே மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டதில் இருவர் இறந்தனர்.

அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் அடுத்த ஆண்டுக்கான புதுப்பித்தலை வழக்கமாக ஒக்டோபர் 1 முதல் டிசெம்பர் 31க்குள் செய்துகொள்ள வேண்டும்.